கத்ரீனாவுக்குப் பிறகு நியூ ஆர்லியன்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூன் பிறந்து புயல் பருவம் தொடங்கினால் போதும், நியூ ஆர்லியன்ஸ் வட்டாரத்தில் குடியிருக்கும் எங்களுக்குத் தொலைபேசி அழைப்புகள் வர ஆரம்பித்துவிடும். வேலைக்கோ படிப்புக்கோ இங்கே வரப்போகிறவர்கள், அவர்களைப் பெற்றவர்கள், பத்திரிகையில் எதையோ படித்துவிட்டுப் பதறும் உறவினர்கள் என்று எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான். அவற்றைத் திரட்டி, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே வைத்திருக்கிறேன். முதல் சில கேள்விகள் எளியவை. போகப் போகச் சிக்கலானவை வரும்.

கத்ரீனா வந்தப்போ உண்மையில என்னதான் நடந்துச்சு?

2005 ஆகஸ்ட் 29, திங்கட்கிழமை அதிகாலையில், மிசிசிப்பி ஆறு கடலில் சேரும் பகுதியில் உள்ள பியூராஸ் என்ற சிற்றூருக்கு அருகே கத்ரீனா கரையைத் தொட்டது. அப்போது அது மூன்றாம் வகைப் புயல் (ஐந்தாம் வகைதான் மிகக் கடுமையானது). அதன் மையம் நியூ ஆர்லியன்ஸுக்குக் கிழக்கே விலகிப்போனது. காற்றின் நேரடி அடி பக்கத்து மாநிலமான மிசிசிப்பியின் கடற்கரைக்குத்தான் விழுந்தது. அதனால் நகரம் தப்பித்துவிட்டது என்றே முதலில் பலரும் நினைத்தார்கள்.

ஆனால் புயல் தள்ளிக்கொண்டு வந்த கடல்நீர் கால்வாய்களில் ஏறியது. ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் கரைகளும் சுவர்களும் உடைந்தன. நகரில் 80 சதவீதம் நீரில் மூழ்கியது. கிண்ணம்போலக் குழிந்த ஊர் என்பதால் உள்ளே வந்த நீர் தானாக வெளியேற வழியில்லை. செப்டம்பர் 24-ல் ரீட்டா புயல் வந்து சில பகுதிகளை மறுபடியும் மூழ்கடித்தது. எல்லாவற்றையும் இறைத்து முடித்தபோது அக்டோபர் 11 ஆகிவிட்டது.

அது இயற்கைச் சீற்றம்தானே? யாரைக் குறை சொல்ல முடியும்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துப் பதில் சொல்வேன். புயல் இயற்கை. நகரம் மூழ்கியது இயற்கையல்ல. 17-ஆம் தெருக் கால்வாய், லண்டன் அவென்யூ கால்வாய் ஆகியவற்றின் சுவர்கள் நீர் தலைக்கு மேல் ஏறி வழிந்ததால் விழவில்லை. நீர் உச்சியைத் தொடுவதற்கு முன்பே சாய்ந்தன. அடியில் இருந்த மண் இளகிய களியும் மட்கிய சதுப்பு மண்ணும் மணலும். அந்த மண்ணில் இறக்கிய இரும்புத் தகடுகள் போதிய ஆழம் போகவில்லை. இவற்றை வடிவமைத்தது அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை. 2006-ல் அந்தப் படை வெளியிட்ட ஆய்வறிக்கையே இதை ஒப்புக்கொண்டது. துண்டு துண்டாக, வெவ்வேறு உயரத்தில், வெவ்வேறு காலத்தில் கட்டியதைப் பாதுகாப்பு ஏற்பாடு என்று பெயருக்குத்தான் சொல்ல முடியும் என்று அதில் எழுதியிருந்தார்கள்.

கப்பல் போக்குவரத்துக்காக வெட்டிய மிஸ்டர்-கோ என்ற கால்வாய் இன்னொரு காரணம். அது கடலோரச் சதுப்புக் காடுகளுக்குள் உப்புநீரைக் கொண்டுவந்து அவற்றை அழித்தது. நகரின் கிழக்குப் பக்கத்தைக் கடலுக்குத் திறந்துவிட்டதுபோல ஆயிற்று. 2009-ல் பாறைகளைக் கொட்டி அதை அடைத்தார்கள்.

குற்றம் சாட்டுவதற்காக இதையெல்லாம் சொல்லவில்லை. விதி என்று விட்டுவிட்டால் அடுத்து செய்ய ஒன்றுமில்லை. மனிதர் செய்த பிழை என்று தெரிந்தால் திருத்தலாம். இந்த நகரத்து மக்கள் இதைப் பிடிவாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்ததால்தான் பின்னால் பல விஷயங்கள் மாறின.

முன்கூட்டியே எச்சரிக்கை வந்துச்சே, ஏன் அவ்வளவு பேர் வெளியேறல?

பெரும்பாலோர் வெளியேறினார்கள். தங்கியவர்களில் பலரிடம் கார் இல்லை. மாதக் கடைசி என்பதால் கையில் பணம் இல்லை. கட்டாய வெளியேற்ற உத்தரவே புயலுக்கு முந்தைய நாள், ஞாயிற்றுக்கிழமைதான் வந்தது. நியூ ஆர்லியன்ஸ் இருக்கும் லூசியானா மாநிலத்தில் இறந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் 75 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள். மொத்த உயிரிழப்பு 1,833 என்று பல ஆண்டுகள் சொல்லப்பட்டது. தேசியச் சூறாவளி மையம் 2023-ல் கணக்கைச் சரிபார்த்து 1,392 என்று திருத்தியிருக்கிறது. இரண்டு எண்களும் புழக்கத்தில் இருப்பதால் குழம்ப வேண்டாம்.

இப்போது கார் இல்லாதவர்களுக்காக ஊரில் 17 இடங்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன. கையை உயர்த்தி வண்டியை நிறுத்தும் மனித உருவத்தில் பெரிய உலோகச் சிலைகள் அங்கே நிற்கும். வெளியேற்றம் அறிவித்தால் அங்கே போய் நின்றால் போதும், பேருந்து வந்து ஏற்றிக்கொள்ளும். வளர்ப்புப் பிராணிகளையும் கூட்டிப் போகலாம். நாயை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று தங்கியவர்கள் கத்ரீனாவில் நிறைய. 2008-ல் கஸ்டாவ் புயல் வந்தபோது தெற்கு லூசியானாவிலிருந்து சுமார் 19 லட்சம் பேர் வெளியேறினார்கள். கார் இல்லாதவர்களுக்குப் பேருந்தும் ரயிலும் ஓடின.

தண்ணி வடிஞ்சதும் எல்லாரும் வீட்டுக்குத் திரும்பிட்டாங்களா?

இல்லை. இங்கே வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டத்தால் ஆனவை. வாரக்கணக்கில் நீரில் ஊறினால் சுவர்ப்பலகை, சுவருக்குள் வெப்பம் தடுக்க வைக்கும் பஞ்சு, மின்கம்பி எல்லாவற்றையும் பிய்த்தெடுத்து வெறும் சட்டம் மட்டும் மிஞ்சும்வரை சுத்தம் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சை பரவிவிடும். வீடு தயாரானாலும் பள்ளி இல்லை, கடை இல்லை. ஏழைகளின் ஆஸ்பத்திரியான சாரிட்டி மருத்துவமனை மறுபடி திறக்கப்படவே இல்லை. அதற்குப் பதிலாக வந்த புதிய மருத்துவமனை 2015-ல்தான் திறந்தது. பத்து வருஷம்!

வாடகைக்கு இருந்தவர்கள் பாடு இன்னும் மோசம். உதவித் திட்டங்கள் பெரும்பாலும் வீட்டுச் சொந்தக்காரர்களை மனதில் வைத்தே போடப்பட்டன. நான்கு பெரிய அரசுக் குடியிருப்புகளை இடிக்க 2007 டிசம்பரில் நகர மன்றம் அனுமதி கொடுத்தது. அவற்றில் சுமார் 4,500 வீடுகள் இருந்தன. அதே இடத்தில் புதிய குடியிருப்புகள் எழும்பின, ஆனால் குறைந்த வாடகை வீடுகளின் எண்ணிக்கை முன்பு இருந்த அளவுக்கு வரவில்லை.

"பச்சைப் புள்ளி" விவகாரம்னு சொல்றாங்களே, அது என்ன?

2006 ஜனவரியில் மறுசீரமைப்புக் குழு ஒன்று தன் திட்டத்தை வெளியிட்டது. தாழ்வான பகுதிகள் சிலவற்றைப் பூங்காவாகவோ திறந்த வெளியாகவோ மாற்றலாம் என்று அதில் ஒரு யோசனை. நாளிதழில் வந்த வரைபடத்தில் அந்தப் பகுதிகள் மேல் பெரிய பச்சை வட்டங்கள். தங்கள் வீடு இருக்கும் இடத்தில் பச்சை வட்டத்தைப் பார்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! யாரும் அவர்களைக் கேட்கவில்லை. பாதிப் பேர் இன்னும் ஹூஸ்டனிலும் அட்லாண்டாவிலும் அகதிகள்போல இருந்தார்கள். உங்கள் பகுதி பிழைக்கும் என்று நான்கே மாதத்தில் நிரூபியுங்கள் என்று வேறு சொல்லப்பட்டது.

எதிர்ப்பில் திட்டம் நின்றுபோனது. பச்சை வட்டம் விழுந்த பிராட்மூர் பகுதி மக்கள் தெருத்தெருவாகக் கணக்கெடுத்து, தாங்களே ஒரு திட்டம் தீட்டி, பல்கலைக்கழகங்களின் துணையோடு நூலகத்தையும் பள்ளியையும் மீட்டார்கள். அந்தச் சங்கத்துக்குத் தலைமை தாங்கிய லடோயா கான்ட்ரெல் பிற்பாடு நகர மேயரும் ஆனார். நகரின் கிழக்குக் கோடியில் வியட்நாமிய மக்கள் தங்கள் தேவாலயத்தை மையமாக வைத்து 2005 அக்டோபரிலேயே திரும்ப ஆரம்பித்தார்கள். அருகிலேயே புயல் குப்பையைக் கொட்ட இடம் திறந்தபோது போராடி, 2006 ஆகஸ்டில் அதை மூட வைத்தார்கள்.

தாழ்வான நிலத்தில் மறுபடி கட்டுவது ஆபத்து என்ற நிபுணர்களின் கருத்தில் நியாயம் இருந்தது. அதைச் சொன்ன விதத்தில் நியாயம் இல்லை. வேறு எங்கே போவது, யார் காசு கொடுப்பது என்ற பதில் இல்லாமல் வரைபடத்தில் வட்டம் போட்டால் எந்த ஊரிலும் இதுதான் நடக்கும்.

அரசாங்கம் பணம் கொடுத்துச்சே, அப்புறம் ஏன் லோயர் நைன்த் வார்டு இன்னும் காலியா இருக்கு?

லோயர் நைன்த் வார்டு நகரின் கிழக்குப் பக்கத்தில், பெரும்பாலும் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதி. "ரோடு ஹோம்" என்ற திட்டத்தில் சுமார் 1,30,000 வீட்டுச் சொந்தக்காரர்களுக்கு ஏறக்குறைய 900 கோடி டாலர் கொடுத்தார்கள். சிக்கல் கணக்குப் போட்ட முறையில். புயலுக்கு முன் வீட்டின் சந்தை விலை, திருப்பிக் கட்ட ஆகும் செலவு, இந்த இரண்டில் எது குறைவோ அதை வைத்து உதவித்தொகையைத் தீர்மானித்தார்கள். மரமும் ஆணியும் கூலியும் எல்லாத் தெருவிலும் ஒரே விலைதான். ஆனால் கறுப்பின மக்கள் வாழும் தெருக்களில் வீட்டு மதிப்பு குறைவு. ஆக, அதே அளவு வீடு, அதே அளவு சேதம், கையில் வருவது மட்டும் குறைவு. இதை எதிர்த்து 2008-ல் வழக்குப் போட்டார்கள். 2011-ல் 6.2 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. அதற்குள் பலர் வேறு ஊரில் வேரூன்றிவிட்டார்கள்.

பத்திரச் சிக்கலும் உண்டு. தாத்தா கட்டிய வீட்டில் பேரன் இருப்பான், பத்திரம் தாத்தா பெயரிலேயே இருக்கும். வாரிசுரிமை எழுதப்படாததால் உதவிக்கு விண்ணப்பிக்க முடியாமல் போனவர்கள் ஏராளம். லோயர் நைன்த் வார்டில் இப்படிப்பட்ட குடும்பங்கள் அதிகம். 2000-ல் 14,000 பேர் இருந்த அந்தப் பகுதியில் 2010 கணக்கெடுப்பில் மூவாயிரம் பேர்கூட இல்லை.

இப்போ கட்டியிருக்கிற சுவர் அவ்வளவு பலமா?

பழையதோடு ஒப்பிட்டால், ஆமாம், மிகவும் பலம். சுமார் 1,450 கோடி டாலர் செலவில், பெருநகரப் பகுதியைச் சுற்றி 214 கிலோமீட்டருக்குக் கரை, சுவர், மதகு, பம்ப் எல்லாவற்றையும் ஒரே ஏற்பாடாகக் கட்டினார்கள். கிழக்கே போர்ன் ஏரிப் பக்கம் கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர் நீளமும் எட்டு மீட்டர் உயரமும் உள்ள தடுப்புச் சுவர் நிற்கிறது. கத்ரீனாவில் உடைந்த கால்வாய்கள் நகருக்கு வடக்கே உள்ள பான்சார்ட்ரெய்ன் ஏரியில் சேரும் இடத்தில் நிரந்தர மதகுகளும் பம்புகளும் 2018-ல் முடிந்தன. புயல் நேரத்தில் மதகை மூடிவிட்டால் ஏரி நீர் கால்வாய்க்குள் நுழையவே முடியாது.

நிர்வாகத்தையும் மாற்றினார்கள். முன்பு ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனிக் கரை வாரியம், அரசியல் நியமனம். 2006-ல் மாநில வாக்காளர்கள் அரசியல் சட்டத் திருத்தத்தை ஆதரித்து அவற்றை இரண்டு ஆணையங்களாக இணைத்தார்கள். பொறியியலும் நீரியலும் தெரிந்தவர்களுக்கு அவற்றில் இடம் ஒதுக்கப்பட்டது. கான்கிரீட்டைவிட இந்த மாற்றத்தை நான் பெரிதாக நினைக்கிறேன்.

"நூறாண்டுக்கு ஒருமுறை வர்ற வெள்ளத்தைத் தாங்கும்"னா, இன்னும் நூறு வருஷத்துக்குக் கவலையில்லைதானே?

அப்படி இல்லை. எந்த ஓர் ஆண்டிலும் அந்த அளவு வெள்ளம் வர நூற்றுக்கு ஒரு வாய்ப்பு உண்டு என்பதே அதன் பொருள். 30 ஆண்டு வீட்டுக்கடன் வாங்கினால், அந்தக் காலத்துக்குள் ஒருமுறையாவது வர 26 சதவீத வாய்ப்பு. நான்கில் ஒன்றுக்கும் மேல்.

தவிர, கரைகள் இருக்கும் மண்ணே தாழ்ந்துகொண்டிருக்கிறது, கடல் மட்டம் உயர்கிறது. அவ்வப்போது உயர்த்திக் கட்டாவிட்டால் சில ஆண்டுகளிலேயே அந்தத் தரம் போய்விடும் என்று பொறியாளர் படையே 2019-ல் அறிவித்தது. சுவர் என்பது கட்டி முடித்துத் திறப்பு விழா நடத்தும் வேலையல்ல, ஆண்டுதோறும் பராமரிப்புச் செலவு கேட்கும் வேலை.

2021-ல இடா வந்தப்போ சுவர் நின்னுச்சுன்னு சொல்றாங்க. அப்புறம் ஏன் ஆள் செத்தாங்க?

இடா கத்ரீனாவின் அதே தேதியில், ஆகஸ்ட் 29-ல், நான்காம் வகைப் புயலாகக் கரையேறியது. சுற்றுக் கரை எங்கும் உடையவில்லை. கரைக்கு வெளியே இருந்த லாப்லாஸ் போன்ற ஊர்களில் வெள்ளம் புகுந்தது, நகருக்குள் புகவில்லை. ஆனால் நகருக்கு மின்சாரம் கொண்டுவரும் எட்டுப் பெரிய மின்தடங்களும் ஒரே நாளில் விழுந்தன. கோடை வெயில், ஏசி கிடையாது, லிஃப்ட் ஓடாது. நகருக்குள் இடாவால் இறந்தவர்களில் பெரும்பாலோர் வெப்பத்தால் இறந்தவர்கள். அடுக்குமாடிகளில் தனியே இருந்த முதியவர்கள் பலர்.

புயல் மிக வேகமாக வலுத்ததால் நகர் முழுவதற்கும் கட்டாய வெளியேற்றம் அறிவிக்க நேரம் கிடைக்கவில்லை. நெடுஞ்சாலையின் இருபக்கத்தையும் வெளியே போகும் வழியாக மாற்றுவதற்கே மூன்று நாள் ஏற்பாடு வேண்டும். கஸ்டாவுக்குக் கைகொடுத்த முறை (மேலே சொன்னேன்) இடாவுக்கு உதவவில்லை.

மின்சாரம் போன அந்த அனுபவத்துக்கு விடையாக வந்ததுதான் "கம்யூனிட்டி லைட்ஹவுஸ்". டுகெதர் நியூ ஆர்லியன்ஸ் என்ற அமைப்பு தேவாலயங்கள், சமூக மையங்களின் கூரைமேல் சோலார் பலகைகளும் உள்ளே பேட்டரியும் வைக்கிறது. மின்சாரம் போனால் அக்கம்பக்கத்தார் அங்கே வந்து குளிர்ச்சியில் உட்காரலாம், செல்போனுக்கும் ஆக்சிஜன் கருவிக்கும் மின்சாரம் எடுக்கலாம். எந்த வீட்டில் முதியவர் தனியே இருக்கிறார் என்று பார்த்து வைத்துக்கொள்வதும் அவர்கள் வேலை. 2024 செப்டம்பரில் பிரான்சீன் புயலின்போது இவை பயன்பட்டன. இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாவற்றிலும் மற்ற ஊர்கள் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான் என்பேன். செலவு குறைவு, பலன் உடனே.

சுவர் இருக்கு, பம்ப் இருக்கு. சாதாரண மழைக்கே தெருவுல தண்ணி நிக்குதே?

சுவர் கடலைத் தடுக்கும், வானத்தைத் தடுக்காது. உள்ளே பெய்த மழையை இறைத்துத்தான் வெளியேற்ற வேண்டும். முதல் ஒரு மணி நேரத்தில் ஓர் அங்குலம், அதன்பின் மணிக்கு அரை அங்குலம் என்பதுதான் வடிகால் அமைப்பின் திறன். நம் ஊர் ஐப்பசி மழையை நினைத்துப் பாருங்கள், இது எம்மாத்திரம்! சில பம்புகளுக்கு வயது நூறு ஆண்டுக்கு மேல். ஆல்பர்ட் பால்ட்வின் வுட் என்ற பொறியாளர் வடிவமைத்த திருகு பம்புகள் இன்னும் ஓடுகின்றன. பம்புகளைவிட, அவற்றுக்கு வேண்டிய பழைய 25 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை உண்டாக்குவதுதான் பெரிய தலைவலி. 2017 ஆகஸ்ட் 5 மழையில் ஊர் மூழ்கியபோது எல்லாப் பம்பும் ஓடுகிறது என்று அதிகாரிகள் முதலில் சொன்னார்கள். பல பம்புகள் ஓடவில்லை என்பது பிறகு தெரியவந்தது.

ஆழமான பிரச்சினை வேறு. சதுப்பு மண்ணிலிருந்து நீரை எடுக்க எடுக்க மண் சுருங்கித் தாழ்கிறது. நிலம் தாழ்ந்தால் இன்னும் அதிகம் இறைக்க வேண்டும், இறைத்தால் இன்னும் தாழும். இன்று நகரின் ஏறக்குறைய பாதி கடல் மட்டத்துக்குக் கீழே இருப்பதற்கு இதுவும் காரணம்.

அந்தச் சுழலில இருந்து வெளியே வர வழியே இல்லையா?

மழை நீரை உடனே துரத்தாமல் ஊருக்குள்ளேயே கொஞ்ச நேரம் தங்கவிட்டு, மண்ணில் இறங்கவிடுவதுதான் வழி. கத்ரீனாவுக்குப் பின் நெதர்லாந்து நிபுணர்களோடு நடந்த தொடர் உரையாடல்களில் இந்த எண்ணம் வளர்ந்தது. 2013-ல் கட்டடக் கலைஞர் டேவிட் வாகனர் குழு ஒரு நகர நீர்த் திட்டமாக அதை வெளியிட்டது. ஜென்டிலி பகுதியில் இதைச் செய்ய 2016-ல் மத்திய அரசு 14.1 கோடி டாலர் ஒதுக்கியது. கன்னியர் மடம் ஒன்று தன் 25 ஏக்கர் நிலத்தை நீர்த் தோட்டம் அமைக்கக் கொடுத்தது. எண்ணம் அருமை, வேலைதான் மிக மெதுவாக நகர்கிறது.

சென்னைக்காரர்கள் இதைக் கவனிக்கலாம். நூறு தாக்குப்பிடிக்கும் நகரங்கள் என்று ராக்ஃபெல்லர் அறக்கட்டளை உருவாக்கிய வலைப்பின்னலில் நியூ ஆர்லியன்ஸும் சென்னையும் இருந்தன. நெதர்லாந்து அரசு ஆசியாவில் நடத்திய நீர்த் திட்டத்துக்குத் தேர்ந்தெடுத்த நகரங்களிலும் சென்னை ஒன்று. நமக்கோ ஏரியும் குளமும் முன்பே இருந்தன. இவர்கள் கோடிக்கணக்கில் செலவழித்துப் புதிதாக உண்டாக்கப் பார்ப்பதை நாம் மண்ணடித்து மூடினோம்.

நாங்க வேலைக்கு வர்றோம். எந்தப் பக்கம் வீடு பார்க்கலாம்?

ஆற்றை ஒட்டிய பழைய தெருக்கள் மேடு. ஆறே வண்டல் கொட்டி உயர்த்திய நிலம் அது, 2005-லும் பெரும்பாலும் மூழ்கவில்லை. ஏரியை நோக்கிப் போகப் போகத் தாழ்வு அதிகம். வீட்டைப் பார்க்கும்போது தரைத்தளம் உயர்த்திக் கட்டப்பட்டதா, இதற்கு முன் எப்போது நீர் புகுந்தது என்று நேராகக் கேளுங்கள். பலத்த மழை எச்சரிக்கை வந்தால் சாலை நடுவே உள்ள புல்மேட்டில் கார் நிறுத்தப் பெரும்பாலும் நகராட்சி அனுமதிக்கும். அக்கம்பக்கத்தார் வண்டியை ஏற்றினால் நீங்களும் ஏற்றிவிடுங்கள்.

சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்தைச் சேர்க்காது. வெள்ளக் காப்பீடு தனி, வாங்கி 30 நாள் கழித்துத்தான் பொதுவாக நடப்புக்கு வரும். கடலில் புயல் கிளம்பிய பிறகு தேடிப் பயனில்லை. வாடகைக்கு இருப்பவர்களும் உள்ளே உள்ள பொருள்களுக்கு மட்டும் எடுக்கலாம். சொந்த வீடு வாங்குபவர்கள், சூறாவளிக்கான பிடித்தம் (சேதத்தில் நாமே ஏற்க வேண்டிய தொகை) வீட்டு மதிப்பில் இத்தனை சதவீதம் என்று இருக்கும், அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். 2020, 2021 புயல்களுக்குப் பிறகு லூசியானாவில் பல காப்பீட்டு நிறுவனங்கள் திவாலாகிவிட்டன, பிரீமியம் எகிறிவிட்டது. காற்றுக்குத் தாங்கும் கூரை போட மாநில அரசு 10,000 டாலர்வரை மானியம் தருகிறது. அறிவிப்பு வரும்போது விண்ணப்பித்து வைக்கலாம்.

இவ்வளவு கஷ்டத்துக்கு ஊரையே வேற இடத்துக்கு மாத்தியிருக்கலாமே?

மிசிசிப்பி ஆறு கடலில் சேரும் பக்கம் ஒரு துறைமுகம் அமெரிக்காவுக்கு வேண்டும். நாட்டின் தானிய ஏற்றுமதியில் பெரும்பங்கு இந்த ஆற்று வழியாகத்தான் போகிறது. துறைமுகம் இருந்தால் அங்கே வேலை செய்பவர்கள் குடியிருந்தாக வேண்டும். அதோடு, பல தலைமுறையாக ஒரே தெருவில் வாழ்ந்து, அங்கேயே இசையும் சமையலும் சாவு ஊர்வலமும் வளர்த்தவர்கள் இவர்கள். பச்சைப் புள்ளிக் கதையில் நடந்ததைப் பெரிய அளவில் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

ஆனால் யாரும் சொல்லாமலே ஓர் இடமாற்றம் நடந்துவிட்டது. 2000-ல் 4,84,674 பேர் இருந்த நகரம் 2020-ல் 3,83,997. கறுப்பின மக்கள் முன்பு மூன்றில் இரண்டு பங்கு, இப்போது பாதிக்குச் சற்று மேல். ஊர் மீண்டுவிட்டதா என்று கேட்பவர்களுக்கு நான் கட்டடங்களைக் காட்டுவதில்லை, இந்த எண்களைச் சொல்கிறேன்.

கடலோரச் சதுப்பு நிலமே கரையுதுன்னா, சுவர் மட்டும் நின்னு என்ன பயன்?

சரியான கேள்வி. 1930-களிலிருந்து லூசியானா சுமார் 5,000 சதுர கிலோமீட்டர் கடலோர நிலத்தை இழந்திருக்கிறது. ஆற்றுக்கு இருபுறமும் கரை கட்டியதால் வண்டல் பரவவில்லை. எண்ணெய்க் குழாய்களுக்காக வெட்டிய கால்வாய்கள் உப்புநீரை உள்ளே விட்டன. சதுப்பு நிலம் இருந்தால் புயலலை நகருக்கு வருமுன் வேகம் குறையும். அது போனால் அலை நேராகச் சுவரில் மோதும்.

கத்ரீனாவுக்குப் பின் மாநிலம் தனி ஆணையம் அமைத்து, கடலோரப் பெருந்திட்டம் ஒன்றைச் சில ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறது. 2023 திட்டத்தின் அளவு 50 ஆண்டில் 5,000 கோடி டாலர். அதன் முக்கிய வேலையாக, ஆற்றுக் கரையில் வாய் திறந்து வண்டல் நீரைச் சதுப்புக்குள் விடும் மிட்-பாரடேரியா திட்டத்தை 2023 ஆகஸ்டில் தொடங்கினார்கள். செலவு சுமார் 300 கோடி டாலர், 2010-ல் மெக்சிகோ வளைகுடாவில் நடந்த எண்ணெய்க் கசிவுக்கான இழப்பீட்டிலிருந்து. நன்னீர் புகுந்தால் சிப்பியும் இறாலும் அழியும் என்று மீனவர்கள் எதிர்த்தார்கள். செலவும் ஏறியது. 2025 ஜூலையில் மாநில அரசு அதைக் கைவிட்டது.

மீனவர்களின் பயம் பொய்யல்ல, அவர்கள் பிழைப்பு உடனடியாகப் போயிருக்கும். ஆனாலும் கைவிட்டது தவறு என்றே நான் நினைக்கிறேன். அவர்களுக்கு முழு இழப்பீடும் மாற்றுத் தொழிலும் கொடுத்துவிட்டு ஆற்றைத் திறந்திருக்க வேண்டும். இப்போது மிஞ்சியிருப்பது, தூர்வாரிய மண்ணைக் குழாய் வழியே கொட்டி நிலம் உண்டாக்கும் முறையும், சிறிய அளவில் ஆற்று நீரைத் திருப்பிவிடும் யோசனைகளும். கொட்டிய மண்ணும் தாழும், அதன்மேல் மறுபடி கொட்ட வேண்டும். அதற்கான பணத்தில் எண்ணெய்க் கசிவு இழப்பீட்டின் கடைசித் தவணை 2030-களின் தொடக்கத்தில் வந்து முடிந்துவிடும். அதன்பின் பணம் எங்கிருந்து என்பதை இந்த மாநிலம் இன்னும் தீர்மானிக்கவில்லை.